பிள்ளையின் படம் பெற்றோரின் சொத்தா?

புலம்பெயர்ந்த தமிழர் செறிந்து வாழும் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் போன்ற நகரங்களில் வார இறுதி நாட்களில் விழா மண்டபங்கள் நிறைந்து வழிகின்றன. பிறந்தநாள், அரங்கேற்றம், திருமணம் ஆகியவற்றோடு பூப்புனித நீராட்டு விழாவும் அங்கு பெருஞ்செலவில் நடைபெறுகின்றது. பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுமி பட்டுச்சேலை உடுத்தி, நகை பூண்டு மேடையில் அமர்த்தப்படுகின்றாள். மாமிமார் ஆரத்தி எடுக்கின்றனர். தாய்மாமன் மாலை சூட்டுகின்றார். ஒளிப்பதிவாளர்கள் சுற்றிச் சுழன்று படம் பிடிக்கின்றனர். விருந்தினர் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னரே அக்காட்சிகள் முகநூலில் ஏறிவிடுகின்றன. சில நாட்களில் பின்னணி இசையோடு கூடிய காணொளி யூரியூப்பிலும் வெளியாகின்றது. பல வேளைகளில் அதன் தலைப்பிலேயே சிறுமியின் பெயரும் விழா நடந்த நாளும் இடம்பெறுகின்றன.

இதிலுள்ள முரண்பாட்டைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முகநூல், இன்ஸ்ரகிராம் போன்ற தளங்களின் விதிப்படி பதின்மூன்று வயது நிறையாத பிள்ளை சொந்தமாகக் கணக்கு வைத்திருக்க முடியாது. அமெரிக்காவில் 1998 இல் இயற்றப்பட்டு 2000 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சிறுவர் இணையத் தனியுரிமைச் சட்டம், அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோரின் ஒப்புதலின்றிச் சேகரிப்பதைத் தடை செய்கின்றது. அதாவது, தன் படத்தைத் தானே அங்கு இடும் உரிமை அச்சிறுமிக்கு இல்லை. ஆனால் அவளது உடலில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தை, அவளது பெயரோடும் முகத்தோடும் உலகுக்கு அறிவிக்கும் உரிமையை அவளைச் சூழ்ந்த அனைவரும் எடுத்துக்கொள்கின்றனர். அவளிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை.

சமூக வலைத்தளங்களால் இளையோரின் தனிவாழ்வுக்கும் நற்பெயருக்கும் ஏற்படும் ஆபத்தைப் பற்றிப் பேசப்படும் போதெல்லாம், பழி இளையோர் மீதே சுமத்தப்படுகின்றது. "எந்நேரமும் கைத்தொலைபேசியோடு இருக்கின்றார்கள்" என்பது பெற்றோரின் வழமையான முறைப்பாடு. எனினும் ஒரு பிள்ளையைப் பற்றிய முதற் பதிவுகளை இணையத்தில் இடுவோர் பெரும்பாலும் அப்பிள்ளையின் பெற்றோரே. இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் அலுவலகம் 2018 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு பிள்ளை பதின்மூன்று வயதை எட்டும்போது அதன் பெற்றோர் சராசரியாக 1,300 படங்களையும் காணொளிகளையும் சமூக வலைத்தளங்களில் பகிர்ந்திருப்பர். பிள்ளை முதன்முதலாகத் தனக்கெனக் கணக்குத் திறக்கும் நாளில், அதன் வரலாறு ஏற்கனவே வேறொருவரால் எழுதப்பட்டு முடிந்திருக்கின்றது.

இதற்கு மறுமொழியாக ஒரு வாதம் முன்வைக்கப்படுவதுண்டு. "இந்தச் சடங்கே ஊருக்கு அறிவிப்பதற்காக ஏற்பட்டதுதானே? முன்னோர் மறைத்தா செய்தனர்?" என்பதே அது. இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஊரில் சாமத்திய வீடு என்பது உற்றார் உறவினருக்கு அறிவிக்கும் நிகழ்வாகவே இருந்தது. ஆனால் அந்த அறிவித்தலுக்கு ஓர் எல்லை இருந்தது. வந்தவர்கள் அழைக்கப்பட்டவர்கள், வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கப்பட்டவர்கள், பிள்ளையைப் பிறந்தது முதல் அறிந்தவர்கள். எடுத்த படங்கள் ஆல்பத்தில் ஒட்டப்பட்டு அலுமாரிக்குள் இருந்தன. வீட்டுக்கு வருவோரில் யாருக்கு அதனைக் காட்டுவது என்பதைத் தாய் தீர்மானித்தாள். இணையத்தில் ஏற்றப்படும் காணொளிக்கு வாசலும் இல்லை, வாசலில் நிற்போரும் இல்லை. அங்கு அழைக்கப்படாத ஒருவர், தான் யாரெனச் சொல்லாமலே, எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து பார்த்துச் செல்லலாம். உடன் படிக்கும் மாணவன் ஒருவன் அதனைக் கண்டெடுத்து வகுப்பறையில் காட்டி நகைக்கலாம். வேற்று நாட்டுப் பிள்ளைகள் நடுவே படிக்கும் பதினான்கு வயதுப் பெண் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் எத்தகைய நாளாக இருக்கும் என்பதைப் பெற்றோர் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

தொழில்நுட்ப அடிப்படையில் நோக்கினாலும் ஆல்பத்துக்கும் இணையத்துக்கும் மூன்று வேறுபாடுகள் உள்ளன. இணையத்தில் உள்ள படம் நொடியில் பிரதி எடுக்கப்படக்கூடியது. மூலப்படத்தை அழித்தாலும் பிரதிகள் அழிவதில்லை. அது தேடிக் கண்டுபிடிக்கப்படக்கூடியது. பெயரைத் தட்டச்சுச் செய்தாலே போதும். மூன்றாவது வேறுபாடு அண்மைக்காலத்தில் ஏற்பட்டது: பெயர் இல்லாவிட்டாலும் முகத்தைக் கொண்டே ஒருவரை இனங்காண முடியும். கிளியர்வியூ ஏஐ என்னும் அமெரிக்க நிறுவனம் இணையத்திலுள்ள 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களை எவருடைய அனுமதியுமின்றித் திரட்டி, முகத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காட்டும் கருவியைக் காவற்றுறையினருக்கு விற்றது. இது கனடாவின் தனியுரிமைச் சட்டங்களை மீறிய செயல் எனக் கூட்டாட்சித் தனியுரிமை ஆணையாளரும் மூன்று மாகாண ஆணையாளர்களும் 2021 பெப்ரவரியில் அறிவித்தனர். திரட்டப்பட்ட படங்களில் சிறுவர்களின் படங்களும் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

"நண்பர்கள் மட்டுமே பார்க்கும்படி அமைத்திருக்கின்றோம்" என்று கூறி நிம்மதி அடைவோரும் உளர். இரண்டு நிகழ்வுகள் அந்த நிம்மதியைக் குலைப்பதற்குப் போதுமானவை. 2009 டிசம்பரில் முகநூல் நிறுவனம் தனது தனியுரிமை அமைப்புகளை மாற்றியபோது, அதுவரை மறைத்து வைக்கக்கூடியதாக இருந்த நண்பர் பட்டியல் முதலிய விபரங்கள் அனைவருக்கும் தெரியும்படி ஆயின. பயனாளர்களுக்கு உரிய முறையில் அறிவிக்காமல் இவ்வாறு செய்தமை உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் முன்வைத்தது. 2011 நவம்பரில் இணக்க உடன்பாடு எட்டப்பட்டது. அந்த உடன்பாட்டையும் மீறியதற்காக 2019 ஜூலையில் 500 கோடி டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. பூட்டு வீட்டுக்காரருடையது ஆயினும் சாவி வேறொருவர் கையில் இருந்தது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது நிகழ்வு கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம். 2018 மார்ச்சில் உலகுக்குத் தெரியவந்த அவ்விவகாரத்தில், ஆளுமையை அறியும் வினாவிடைச் செயலி ஒன்றைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேரே. ஆனால் அவர்களுடைய முகநூல் நண்பர்களின் தகவல்களும் சேர்த்து உறிஞ்சப்பட்டதால், பாதிக்கப்பட்டோர் தொகை 8 கோடியே 70 இலட்சம் வரை இருக்கலாம் என நிறுவனமே ஒப்புக்கொண்டது. கனடாவில் மட்டும் அத்தொகை 6 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் அச்செயலியைக் கண்ணாலும் கண்டதில்லை. நண்பர் ஒருவர் பொழுதுபோக்காக அழுத்திய ஒரு பொத்தானே அவர்களது தகவல்களை வெளியே கொண்டு சென்றது. ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கணக்கான உறவினரைக் கொண்ட தமிழ்ச் சமூகத்தில் இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஒருவரின் தனியுரிமை அவரது கவனத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நோர்வேயில் இருக்கும் சித்தப்பாவின் கவனத்திலும், சென்னையில் இருக்கும் பெரியம்மாவின் கவனத்திலும் அது தங்கியிருக்கின்றது.

பிறந்தநாள் வாழ்த்துகளையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பாடசாலைச் சீருடையில் உள்ள இலச்சினை, தாய்வழிப் பாட்டனாரின் பெயர் ஆகியவை ஒரே வாழ்த்துப் பதிவில் வெளியாகின்றன. வங்கிகளும் நிறுவனங்களும் ஆளை உறுதிப்படுத்திக்கொள்வதற்காகக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவையே. பத்து ஆண்டுகள் கழித்து அப்பிள்ளை வங்கிக் கணக்குத் திறக்கும்போது, அதன் இரகசியக் கேள்விகளுக்கான விடைகள் முன்னரே பகிரங்கமாகி இருக்கும்.

இவ்வளவும் பெற்றோர் பற்றியவை. இளையோரின் பொறுப்பும் சிறிதன்று. 2017 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், அனுமதி வழங்கப்பட்டிருந்த மாணவர்களுள் குறைந்தது பத்துப் பேரின் அனுமதியை மீளப் பெற்றுக்கொண்டது. முகநூலில் அவர்கள் அமைத்திருந்த தனிப்பட்ட குழுவொன்றில் பிற இனத்தவரையும் துன்புறுத்தப்பட்ட சிறுவரையும் இழிவு செய்யும் கேலிப்படங்களைப் பகிர்ந்தமையே காரணம். தனிப்பட்ட குழு என்பதற்காக அது தனிப்பட்டதாக நிலைக்கவில்லை. வட்ஸ்அப் குழுவில் உள்ள இருபது பேரில் ஒருவர் திரைப்பிடிப்பு எடுத்தாலே போதும். அது இருபதாயிரம் பேர் கையில் இருக்கும்.

எல்லை கடந்து வாழும் குடும்பங்களுக்கு இதில் மேலதிகச் சிக்கலும் உண்டு. 2019 மே இறுதி முதல் அமெரிக்க நுழைவனுமதிக்கு விண்ணப்பிப்போர், முந்தைய ஐந்து ஆண்டுகளில் தாம் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளின் பெயர்களைத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 2025 ஜூனில் மாணவர் நுழைவனுமதிக்கு விண்ணப்பிப்போர் தமது கணக்குகளை எவரும் பார்க்கக்கூடியவாறு திறந்து வைக்குமாறு பணிக்கப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் எச்-1பி தொழில் நுழைவனுமதி கோருவோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. பதினாறு வயதில் சினத்தில் எழுதிய ஒரு வரி, இருபத்தைந்து வயதில் தூதரக அதிகாரியின் மேசையில் இருக்கலாம். அதனை எழுதிய சூழலை விளக்கும் வாய்ப்பு எழுதியவருக்குக் கிடைக்குமா என்பது ஐயமே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பர் பெரியோர். இணையம் என்னும் ஊருக்கு வாய் மட்டுமன்றி, மறதியற்ற நினைவும் இருக்கின்றது.

எனினும் இவை எல்லாவற்றினும் கொடியது மிரட்டல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவி அமாண்டா டொட், 2012 ஒக்டோபரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இணையத்தில் முகமறியாத ஒருவரின் தூண்டுதலுக்கு இணங்கி ஒரு கணம் நிகழ்ந்த தவறை அம்மனிதர் படமாக்கி வைத்துக்கொண்டு மிரட்டினார். அப்படத்தை அவரைச் சூழ்ந்தோருக்கு அனுப்பினார். அமாண்டா பாடசாலை மாறினார், படம் பின்தொடர்ந்தது. தன் துயரைச் சிறு அட்டைகளில் எழுதிக் காட்டி அவர் வெளியிட்ட காணொளி உலகையே உலுக்கியது. மிரட்டியவர் நெதர்லாந்து நாட்டவர். பத்து ஆண்டுகள் கழிந்த பின்னர், 2022 இல், கனடிய நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டு 13 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இதனிடையே, ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவரது சம்மதமின்றிப் பரப்புவதைக் குற்றமாக்கும் சட்டம் 2015 மார்ச்சில் கனடாவில் நடைமுறைக்கு வந்தது.

இத்தகைய மிரட்டலின் மூலதனம் படம் அன்று; அச்சமே. "வீட்டுக்குத் தெரிந்தால் என்னாகும்?" என்ற ஒரு கேள்வியை வைத்தே மிரட்டுபவன் பிழைக்கின்றான். குடும்ப மானம் பெரிதெனப் போற்றப்படும் தமிழ் வீடுகளில் அக்கேள்வியின் பாரம் இன்னும் அதிகம். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த பிள்ளை, ஆபத்து வரும்போது பெற்றோரிடம் ஓடி வருவதற்குப் பதிலாகப் பெற்றோரிடமிருந்தே ஒளிந்துகொள்கின்றது. மானத்தைக் காப்பதற்காகக் கட்டிய வேலி, பிள்ளையை உள்ளே வரவிடாத வேலியாக மாறிவிடுகின்றது. பெண் பிள்ளையின் கைத்தொலைபேசியைப் பறித்து ஆராய்வதும், ஆண் பிள்ளை என்ன செய்கின்றான் எனக் கேளாமலே விடுவதும் இதற்கு மருந்தாகா. மகளைப் பாதுகாக்கும் வீடு, பிறர் மகளின் படத்தைப் பகிரக்கூடாது என்று மகனுக்குக் கற்பிக்கும் வீடாகவும் இருத்தல் வேண்டும்.

சட்டங்கள் மெல்ல மெல்லப் பிள்ளைகளின் பக்கம் திரும்பி வருகின்றன. ஒருவரின் பெயரைத் தேடும்போது தோன்றும், காலாவதியான, இனியும் பொருத்தமற்ற இணைப்புகளை நீக்குமாறு தேடுபொறியிடம் கோரலாம் என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 மே 13 அன்று தீர்ப்பளித்தது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 17 ஆம் பிரிவு, தகவல்களை அழிக்கக் கோரும் உரிமையை வழங்குகின்றது; சிறுவயதில் வெளியான தகவல்களுக்கு அது சிறப்பாகப் பொருந்தும். பிரான்சு நாட்டில் 2024 பெப்ரவரி 19 ஆம் நாளைய சட்டம், பிள்ளையின் படம் மீதான உரிமையைத் தாயும் தந்தையும் இணைந்தே பாதுகாக்க வேண்டும் என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்றும் கூறுகின்றது. பாரிஸ் நகரில் விழா எடுக்கும் தமிழ்க் குடும்பங்களையும் இச்சட்டம் கட்டுப்படுத்தும். அவுஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குக் குறைந்தோர் முக்கிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் செயற்பாட்டில் உள்ளது. ஆயினும் பிள்ளைக்குக் கணக்கு இல்லாமற் செய்வது பாதி வேலையே. பெற்றோரின் கணக்கில் பிள்ளை இருக்கும்வரை மறுபாதி எஞ்சியே இருக்கும்.

இந்நிலையில் பெற்றோர் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள. விழாவுக்கு ஒளிப்பதிவாளரை ஒழுங்கு செய்யும்போதே, குடும்பத்தின் எழுத்துமூல அனுமதியின்றிப் படத்தையோ காணொளியையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். அழைப்பிதழிலேயே, படங்களைப் பொதுவெளியில் பகிர வேண்டாம் எனப் பணிவுடன் ஒரு வரி சேர்க்கலாம். ஊரில் உள்ள அம்மம்மாவும் அப்பப்பாவும் பேரப்பிள்ளையைக் காண விரும்புவது இயல்பு. அதற்குப் பத்துப் பேர் கொண்ட குடும்பக் குழு போதும். முன்னர் ஏற்றிய காணொளிகளில் பிள்ளையின் பெயரைத் தேடிப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்குமாறு ஏற்றியவரைக் கேட்கலாம். அவர் மறுத்தால் அந்தத் தளத்தின் தனியுரிமை முறைப்பாட்டுப் படிவத்தைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு படத்தையும் பகிர்வதற்கு முன் பிள்ளையிடம் ஒரு சொல் கேட்க வேண்டும். தன்னிடம் அனுமதி கேட்கப்பட்டு வளர்ந்த பிள்ளையே, பிறரிடம் அனுமதி கேட்கவும், வற்புறுத்துவோரிடம் "இல்லை" என்று சொல்லவும் கற்றுக்கொள்ளும்.

மிரட்டலுக்கு உள்ளான இளையோர் அறிந்திருக்க வேண்டியவையும் உள. மிரட்டுபவனுக்குப் பணமோ, இன்னொரு படமோ கொடுத்தால் மிரட்டல் நிற்பதில்லை, கோரிக்கைதான் பெருகும். உரையாடல்களை அழிக்காமல் சான்றாகச் சேமித்துக்கொண்டு, நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடமும் காவற்றுறையிடமும் தெரிவித்தல் வேண்டும். அமெரிக்காவின் காணாமற்போன சிறுவர்களுக்கான தேசிய மையம் 2023 இல் தொடங்கிய 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவை, பதினெட்டு வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவுகின்றது. படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பயனாளரின் கருவியிலேயே அப்படத்துக்குக் கைரேகை போன்றதோர் எண்குறியீடு உருவாக்கப்படுகின்றது. அக்குறியீட்டைக் கொண்டே இதில் பங்கேற்கும் தளங்கள் படத்தை இனங்கண்டு நீக்குகின்றன. பெயர் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வயது வந்தோருக்கு இதுபோன்று 'ஸ்ரொப் என்சிஐஐ' என்னும் சேவை 2021 முதல் உள்ளது.

ஆனால் எந்தச் சேவையும் ஒரு வீட்டின் இடத்தை நிரப்பாது. "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், திட்டமாட்டோம்" என்று ஒரு தந்தை கூறும் சொல்லை மிரட்டுபவனால் முறியடிக்க முடியாது. அச்சொல் ஆபத்து வருவதற்கு முன்னரே சொல்லப்பட்டிருக்க வேண்டும். சொன்னபடி நடப்பவர் என்ற நம்பிக்கையும் பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

பெற்றோர் பிள்ளைக்குப் பெயர் சூட்டுகின்றனர். அந்தப் பெயரை உலகம் எவ்வாறு அறிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, வளர்ந்து வரும் அப்பிள்ளைக்கே உரியது. அதுவரை அதனைப் பாதுகாத்து வைத்திருந்து, உரிய வயதில் பழுதின்றி ஒப்படைப்பதே பெற்றோரின் கடமையாகும். அடுத்த வார இறுதியில் மண்டபத்தில் விளக்கேற்றப்படும்போது, கைத்தொலைபேசியை உயர்த்தும் ஒவ்வொருவரும் மேடையில் இருக்கும் சிறுமியின் முகத்தை ஒரு கணம் பார்க்கட்டும். அவள் தன் மாமிமாரையும் மாமன்மாரையும் நம்பியே அங்கு அமர்ந்திருக்கின்றாள்.